ஏழாம் நம்பர் அட்டை

பூட்டுத் தொழிலின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று, அந்தப் புதன்கிழமை காலையில், தொழிற்சாலையின் வாசல் பலகையில் மூன்று குண்டூசிகளால் குத்தப்பட்டிருந்தது. நாலாவது மூலைக்கு ஊசி கிடைக்கவில்லை போலிருக்கிறது. மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த மூலை மட்டும் எழுந்து, வருவோர் போவோருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது.

‘சகல ஊழியர்களும் அறிவது யாதெனில், நமது நிறுவனத்தின் மணிமகுடமும், மனிதகுலம் இதுகாறும் கண்டிராததும், எவராலும் எக்காலத்தும் சாவியின்றித் திறக்க இயலாததுமான வஜ்ரகவசம் பூட்டின் ஒரே ஒரு மாதிரியைக் களவாடிய நபர், நவீனக் கணினித் தொழில்நுட்பத்தின் துணைகொண்டு ஐயம் திரிபறக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார். அன்னார் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர், அட்டை எண் ஏழு. இவண், நிர்வாக இயக்குநர்.’

செய்தி வாசிக்கிற குரலில் இதைப் படித்து முடித்த ரேடியோ, “ஏன்க்கா, யாராலயும் திறக்க முடியாத பூட்டைத் திருடிட்டுப் போய் என்ன பண்ணுவாங்க? பேப்பர் பறக்காம மேல வைக்கலாம். அவ்வளவுதானே?” என்றான்.

ரேடியோ என்பது அவனுடைய பட்டப்பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை; பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும். நாற்பத்து நாலு வயது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினிலிருந்து இன்ஷூரன்ஸ் வரைக்கும் விற்றுப் பார்த்து, எதையும் விற்க முடியாமல், கடைசியில் மனைவியின் அக்காவிடம் உதவியாளராகச் சேர்ந்தவன். தங்கை புருஷன் என்பதால் வேலையைவிட்டு நீக்க முடியாத வகை ஊழியர்.

அந்த அக்காதான் துப்பறிகிறவள். தொழில் வட்டாரத்தில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். ஆளும் அப்படி ஒல்லி. உரசினால் தலை பற்றிக்கொள்ளும். அவளுடைய கோபத்துக்கு மூன்று கட்டங்கள் என்று ரேடியோ கணக்கு வைத்திருந்தான். முதல் கட்டத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இரண்டாவதில் பேச்சு மெதுவாகும். மூன்றாவதில் ‘தயவுசெய்து’ என்பாள். மூன்றாவது கட்டத்தை அவன் வாழ்க்கையில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறான். அதில் ஒன்று அவன் கல்யாணத்தன்று.

தீக்குச்சி அறிவிப்பை ஒரு தடவைதான் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த புகைப்படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாள். பெரிய உருவம் ஒன்று வாசலில் தலை குனிந்து நிற்க, வாட்ச்வுமன் அதன் கழுத்தில் எதையோ மாட்டுகிறாள். கீழே ‘ஒழுக்கம் உச்சியிலிருந்து தொடங்குகிறது’ என்ற வாசகம், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஏதோ இரண்டு வரி.

“உச்சி எந்தப் போட்டியிலக்கா பதக்கம் வாங்குது?” என்றான் ரேடியோ.

“முதல்ல கார்டைப் போட்டுக்குங்க சார்,” என்றாள் போட்டோவில் இருந்த அதே வாட்ச்வுமன், சிரிக்காமல். இரண்டு மஞ்சள் அட்டைகளை நீட்டினாள். தீக்குச்சிக்கு ஒன்றாம் நம்பர், ரேடியோவுக்கு இரண்டாம் நம்பர். “வெளியாளுக்கு மஞ்சள். ஸ்டாஃப்னா நீலம். போகும்போது திருப்பிக் குடுத்துடணும். எந்தக் கார்டும் எந்தக் கதவையும் திறக்கும்.”

“எல்லாக் கார்டும் எல்லாக் கதவையுமா? பூட்டுக் கம்பெனியிலயா?”

“ஒளிவுமறைவு இல்லாத கம்பெனின்னு எம்.டி. சொல்லுவாரு.”

*

ஒளிவுமறைவு இல்லாத எம்.டி.யின் அறையில் மேசை இருந்தது என்று சொல்வதைவிட, மேசையைச் சுற்றி ஓர் அறை கட்டியிருந்தார்கள் என்பதே சரி. அதன் அந்தக் கரையில் அவர் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் குனிந்திருந்த அதே உருவம்தான். இப்போது நிமிர்ந்திருந்தது.

“நாற்பது லட்சம் வாசல்கள்,” என்று ஆரம்பித்தார். எதிரே இருவர் இருப்பதை மறந்து இருநூறு பேருக்குப் பேசுகிற குரல். “நாற்பது லட்சம் குடும்பங்கள் என் பூட்டை நம்பித் தூங்குது. வர்ற வெள்ளிக்கிழமை வஜ்ரகவசத்தை உலகத்துக்கு அர்ப்பணிக்கறதா இருந்தேன். ஐநூறு வருஷத்துக்கு எவனாலும் திறக்க முடியாது! திங்கக்கிழமை காணோம். விழாவே நின்னுபோச்சு. ஆனா நான் இடிஞ்சு உக்காரலை. இருபத்தி நாலு மணி நேரத்துல ஆளைப் பிடிச்சேன்.”

“பிடிச்சாச்சுன்னா நாங்க எதுக்கு சார்?” என்றாள் தீக்குச்சி.

“வெளியூர்ல வாங்கறவங்க வெளியாள் ஒருத்தர் விசாரிச்ச ரிப்போர்ட் வேணும்னு கேக்கறாங்க. எழுதி வெச்சிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

பக்கத்தில் நின்ற இளைஞர் ஒரே ஒரு தாளை நீட்டினார். அவர் மனிதவள அதிகாரி. பெயர்ப்பலகையை முழுதாகப் படிக்கப் பொறுமையில்லாத ரேடியோ, அப்போதே அவருக்கு ‘மனிதவளம்’ என்று பெயர் வைத்துவிட்டான். தாளில் ஒரு பட்டியல். பதினாலாம் தேதி திங்கள், பதினொன்று இருபது, மாதிரி அறைக் கதவு, அட்டை ஏழு, பேக்கிங் மேற்பார்வையாளர். அந்த வரி மட்டும் கொட்டை எழுத்தில்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்,” என்றார் எம்.டி. “இன்னிக்கு ஒரு மணிக்குள்ள அந்த அம்மா எழுதிக் குடுத்துட்டுப் போகணும். இல்லைன்னா போலீஸ். நேரத்தைக்கூடக் குறிச்சுக் குடுத்துடறேன், பாருங்க.”

அவர் கை மேசை டிராயர் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து சட்டைப் பையைத் தட்டியது. “பேனா இருக்கா?”

ரேடியோ தன் பேனாவைக் கொடுத்தான். மூடி கடிபட்ட, மை ஒழுகுகிற பேனா. இத்தனை பெரிய மேசைக்கு ஒரு பேனா இல்லையா என்று யோசித்தான். சொல்லவும் வாயெடுத்தான். ஆனால் தீக்குச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் முதல்ல அந்த அம்மாவைப் பார்க்கணும்,” என்றாள்.

*

பழைய பெயர்ப்பலகைகள் போட்டு வைக்கிற ஜன்னலில்லாத அறையில் அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். முன்னால் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. அதற்குப் பக்கத்தில் நாலு கொண்டை ஊசிகள் வரிசையாக. தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

“என்னம்மா இது?” என்றாள் தீக்குச்சி.

“சோதனை போட்டாங்க. கொண்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பேனாம்.” அந்த அம்மாவின் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த பிறகு வருகிற வறட்சி இருந்தது. “அது அரைக்கிலோ பூட்டுங்க. முப்பது பேர் முன்னால நிக்க வெச்சு, ஊசி ஊசியா உருவினாங்க.”

ரேடியோவுக்கு ஒரு ஜோக் வந்தது. தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“திங்கக்கிழமை பதினொன்னு இருபதுக்கு எங்க இருந்தீங்க?”

“எங்க இருப்பேன்? பெட்டி ஒட்டிட்டிருந்தேன். மொத்த ஹாலும் பார்த்துச்சு. அதையும் சொன்னாங்க. அவங்கல்லாம் உன் ஆளுங்க, உனக்காகப் பொய் சொல்லுவாங்கன்னுட்டாங்க.”

“முப்பது பேரு!” என்றான் ரேடியோ. “அந்த எம்.டி.க்காகப் பொய் சொல்ல மூணு பேரு கிடைப்பாங்களா?”

“இருபத்திரண்டு வருஷம்ங்க. ஒரு ஸ்க்ரூ ஆணி வீட்டுக்குப் போனதில்லை.” தாளைத் தள்ளி வைத்தார். “எழுதிக் குடுத்துட்டா சத்தமில்லாம விட்டுடறோம்னு சொல்றாங்க. எடுக்காததை எடுத்தேன்னு எப்படிங்க எழுதறது? என் பொண்ணு பக்கத்து ஹால்ல அசெம்ப்ளியில இருக்கா. காலைல போர்டைப் படிச்சிட்டு வந்து நின்னா. ஒண்ணும் கேக்கலை. ‘அம்மா, சாப்பிட்டியா’ன்னா. அதுக்கு அவ ‘எடுத்தியா’ன்னே கேட்டிருக்கலாம்.”

வெளியே வந்ததும் ரேடியோ சுவரில் ஓங்கி ஒரு குத்துவிட்டான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கையை வீணாக்காத மாப்ள,” என்றாள் தீக்குச்சி. பேச்சு மெதுவாகியிருந்தது. “வா, டீ குடிக்கலாம்.”

“டீயா? மணி பத்தே முக்காலுக்கா? அந்த அம்மாவுக்கு ஒரு மணி வரைக்கும்தான் டைம்க்கா!”

“அதனாலதான் டீ.”

கேன்டீன் கதவைத் தன் ஒன்றாம் நம்பர் அட்டையால் திறந்தாள். உள்ளே போய் ரேடியோவை மறுபடி வெளியே அனுப்பி, அவனுடைய இரண்டாம் நம்பர் அட்டையாலும் ஒரு தடவை திறக்கச் சொன்னாள். டீ வெந்நீரில் சாயம் கலந்தது போலிருந்தது. அவள் அதைக் குடிக்கக்கூட இல்லை.

*

மனிதவளத்தின் அறை பளபளவென்று இருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால், நிறுவனத்தைத் தொடங்கிய பெரியவரின் படம். ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு தேதிகளும் போட்டிருந்தார்கள்.

“உங்க கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிச்சதுன்னு பார்க்க ஆசையா இருக்கு,” என்றாள் தீக்குச்சி.

மனிதவளம் முகம் மலர்ந்தார். யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதே இல்லை போலும். “எக்செல் ஷீட் மேடம். கதவுல இருந்து நம்பர் வரும். நான் அதுல வி-லுக்கப் போட்டிருக்கேன். நம்பரைக் குடுத்தா, ஆள் பட்டியல்ல தேடி, பேரை எடுத்துக் குடுத்துடும். நானே உருவாக்கினது. ஏழுன்னு போட்டா, பாருங்க.”

பேக்கிங் மேற்பார்வையாளர் என்று வந்தது.

“அற்புதம். இன்னிக்குக் காலைல பத்து அம்பதுக்குக் கேன்டீன் கதவை யார் திறந்தாங்க?”

“இதோ.” விசையைத் தட்டினார். பார்த்தார். மறுபடி தட்டினார்.

“என்ன வந்திருக்கு? சத்தமா படிங்க.”

“நிறுவனர்,” என்றார் மனிதவளம் ஈனமான குரலில்.

மூன்று பேரும் நிமிர்ந்து சுவரிலிருந்த பெரியவரைப் பார்த்தார்கள். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

“டீ எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க,” என்றான் ரேடியோ. “எங்களுக்குப் பிடிக்கலை.”

“அடுத்த வரி?”

“அது... நிறுவனரோட பங்குதாரர். நான் பிறக்கறதுக்கு முன்னாலயே சண்டை போட்டுட்டுப் போயிட்டாராம்.”

“ரெண்டு பேரும் சமாதானமாகி ஒண்ணா டீ குடிச்சிருக்காங்க. நல்ல மனசுக்காரங்க.”

“இது ஏதோ சின்ன டெக்னிக்கல் கோளாறு மேடம்...”

“எனக்கு எக்செல் தெரியாது,” என்றான் ரேடியோ திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து. “ஆனா ஏபிசிடி தெரியும். மேல பாருங்க. ஏ, பி, அப்புறம் டி. நானும் சின்ன வயசுல இப்படித்தான் சொல்லுவேன். வாத்தியார் பிரம்பாலயே சி-யை ஞாபகப்படுத்துவாரு. உங்களுக்கு அந்த மாதிரி வாத்தியார் இல்லையா?”

தீக்குச்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. “சபாஷ் மாப்ள!” என்றாள். பிறகு மனிதவளத்திடம், “சி எங்க தம்பி?” என்றாள்.

“அது... மறைச்சு வெச்சிருக்கு மேடம்.”

“அதுல என்ன இருக்கு?”

“கார்டோட நிறம்.”

“ஏன் மறைச்சீங்க?”

மனிதவளம் பிரின்டரைக் கைகாட்டினார். “அதையும் சேர்த்து பிரின்ட் எடுத்தா ரெண்டாவது பக்கம் போயிடுது. எம்.டி.க்கு எதா இருந்தாலும் ஒரே பக்கத்துல வரணும். அதான், நிறம் அவ்வளவு முக்கியமில்லையேன்னு...”

தீக்குச்சி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஒரு மனுஷியோட இருபத்திரண்டு வருஷத்தை ஒரு தாள் மிச்சம் பிடிக்கறதுக்காகக் கிழிச்சுப் போட்டிருக்கீங்க,” என்றாள் தீக்குச்சி. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. “இந்தக் கம்பெனியில ரெண்டு ஏழு இருக்கு தம்பி. நீல ஏழு ஒண்ணு, மஞ்சள் ஏழு ஒண்ணு. உங்க ஃபார்முலாவுக்கு அது தெரியாது. ஏழுன்னு கேட்டதும் மேலேர்ந்து தேடிட்டு வந்து, முதல்ல கண்ணுல பட்ட ஏழைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுச்சு. அது மேல தப்பில்லை. அதுகிட்ட நீங்க கேட்டது அவ்வளவுதான். பூட்டுக் கம்பெனியில சம்பளம் வாங்கறீங்களே, ஒரே ஒரு பல்லு இருக்கற சாவியை என்னன்னு சொல்லுவீங்க?”

“அது... எல்லாப் பூட்டுலயும் போகும் மேடம்.”

“உங்க ஃபார்முலா அதுதான். இன்னும் ரெண்டு பல்லு வெட்டணும். லேப்டாப்பைத் தூக்கிட்டு எங்க பின்னாலயே வாங்க.”

*

எம்.டி.யின் மேசைமேல் லேப்டாப்பை வைத்தபோது பன்னிரண்டு இருபது. ஆள் பட்டியலில் மேலே நீல அட்டைக்காரர்கள். கீழே, வாசல் ரிஜிஸ்டரிலிருந்து தினமும் ஏற்றுகிற மஞ்சள் அட்டைக்காரர்கள், தேதியோடு.

“இப்ப நம்பரையும் நிறத்தையும் சேர்த்து ஒட்டுங்க,” என்றாள் தீக்குச்சி. “ஏழுன்னு தேடாதீங்க. ‘ஏழு மஞ்சள்’னு ஒரே சொல்லா ஆக்கித் தேடுங்க. கதவு ஷீட்டுல திங்கக்கிழமை பதினொன்னு இருபதுக்கு என்ன நிறம்?”

மனிதவளம் சி-யைத் திறந்தார். “மஞ்சள்,” என்றார். அவர் முகமும் கிட்டத்தட்ட அந்த நிறத்துக்கு வந்திருந்தது.

“அப்ப அந்த அம்மா இல்லை?” என்றார் எம்.டி. குரலில் அதிர்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகம்.

“இல்லை சார். ‘ஏழு மஞ்சள்’னு தேடினா... பஞ்சிங் மெஷின் ரிப்பேர் பண்ண வந்த மெக்கானிக்னு வருது.”

“அவன்தான்!” எம்.டி. மேசையில் தட்டினார். “எனக்கு அப்பவே சந்தேகம். முழியே சரியில்லை. போன் போடு போலீஸுக்கு! போர்டுல வேற நோட்டீஸ் ஒட்டு! ரிப்போர்ட்டுல பேரை மட்டும் மாத்து. பேனா குடுங்க, நானே அடிச்சு மாத்தறேன்.” ரேடியோவை நோக்கிக் கை நீண்டது.

ரேடியோ பேனாவைக் கொடுக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தான். மூன்றாவது கட்டம் வந்துகொண்டிருந்தது.

“தயவுசெய்து,” என்றாள் தீக்குச்சி, “தயவுசெய்து உக்காருங்க.”

எம்.டி. உட்கார்ந்தார். தான் ஏன் உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“காலைல அந்த அம்மாதான்னு இதே மேசையைத் தட்டினீங்க. ஐயம் திரிபற. இப்ப அந்த மெக்கானிக், அதுவும் ஐயம் திரிபற. உங்களுக்கு யாரோ ஒருத்தர் வேணும், அவ்வளவுதான். ஷீட் ஒரு பேரைத் துப்பினா போதும், அவங்க கொண்டையை அவிழ்க்க ஆள் அனுப்பிடுவீங்க. அந்த மெக்கானிக் வந்து எத்தனை நாளாச்சு தம்பி?”

மனிதவளம் பார்த்தார். “ரெண்டு... ரெண்டு மாசம் மேடம்.”

“மஞ்சள் கார்டு தினம் ஒரு கழுத்துல தொங்கும். ‘ஏழு மஞ்சள்’னு கேட்டா, முதல்ல தொங்கின கழுத்தைக் காட்டுது. மூணாவது பல்லையும் வெட்டுங்க. ஏழு, மஞ்சள், பதினாலாம் தேதி. மூணும் ஒண்ணா பொருந்தற வரி எது?”

மனிதவளத்தின் விரல்கள் தட்டின. திரையில் பெயர் வரவேண்டிய கட்டத்தில் கோணல்மாணலாக ஏதோ ஒரு குறி வந்து நின்றது.

“கிடைக்கலைன்னு வருது மேடம். அப்படி ஒரு வரியே இல்லை.”

“பார்த்தீங்களா!” எம்.டி. மறுபடி எழுந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இவங்க சொல்ற மாதிரி தேடினா ஆளே கிடைக்கலை. நம்ம பழைய ஃபார்முலாவே மேல்!”

“இந்த ரெண்டு நாள்ல இந்தக் கம்பெனியில முதல் தடவையா உண்மை பேசினது இந்தக் கட்டம்தான் சார்,” என்றாள் தீக்குச்சி. “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுச்சு. பழைய ஃபார்முலாவுக்கு அது வராது. உங்களுக்கும் வராது.”

“வரி இல்லைன்னா என்னக்கா அர்த்தம்?” என்றான் ரேடியோ.

“அன்னிக்கு மஞ்சள் ஏழை வாங்கினவரு ரிஜிஸ்டர்ல எழுதலைன்னு அர்த்தம். எழுதுங்கன்னு வாட்ச்வுமன் அவர்கிட்ட சொல்ல முடியாதுன்னும் அர்த்தம். வாசல்ல ஒரு போட்டோ மாட்டியிருக்கே, அதைக் கழட்டிட்டு வா மாப்ள. வரும்போது அந்த அம்மாவையும் கூட்டிட்டு வா.”

ரேடியோ ஓடினான். தொப்பை ஒரு பக்கமும் மஞ்சள் அட்டை ஒரு பக்கமும் குதிக்க, பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் இப்படி ஓடியதில்லை. திரும்பி வந்து படத்தை எம்.டி.யின் மேசையில் வைத்தான். அந்த அம்மா அவன் பின்னால் வந்து கதவோரம் நின்றார். முடி இன்னும் அவிழ்ந்தே இருந்தது. ஊசிகள் கைக்குள் இருந்தன.

“படிங்க தம்பி. ஷீட் படிக்கறவரு நீங்கதானே?” என்றாள் தீக்குச்சி.

மனிதவளம் குனிந்தார். “ஒழுக்கம் உச்சியிலிருந்து தொடங்குகிறது. அட்டையை மறந்து வந்த எம்.டி., விதியை மதித்து வெளியாள் அட்டை பெறுகிறார். தேதி...” நின்றார். கண்ணை இடுக்கினார். “பதினாலு.”

“அட்டையோட நிறம்?”

“மஞ்சள்.”

“நம்பர்?”

மனிதவளம் நிமிரவே இல்லை. “ஏழு மேடம்.”

பொருந்த வேண்டிய மூன்றும் பொருந்திவிட்டன. ஒழுக்கத்தை ஊரறியச் செய்வதற்காக எம்.டி. தன் கையாலேயே சட்டம் போட்டு மாட்டிய படத்தில்.

“நம்பர் ஒன்னைத்தான் நீட்டினாங்களாம்,” என்றான் மூச்சு வாங்கிய ரேடியோ. “வாட்ச்வுமன் இப்பத்தான் வாயைத் திறந்தாங்க. ‘ஏழு குடு, போட்டோவுல எடுப்பா இருக்கும்’னு இவருதான் கேட்டு வாங்கினாராம்.”

“அது என் கம்பெனி. என் பூட்டு,” என்றார் எம்.டி. மேடைக்குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “நான் எடுத்தா அது திருட்டாகுமா?”

“ஆகாது. அதைத்தான் நீங்க ரெண்டு நாளா சொல்லியிருக்கணும். ஏழுன்னு இந்தத் தம்பி பேரை எடுத்துக் குடுத்தப்பவே அது பொய்னு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, இந்த அம்மா கொண்டையை அவிழ்க்கறதை வேடிக்கை பார்த்திருக்கார்.” தீக்குச்சி ஒரு வெள்ளைத்தாளை அவர் முன் நகர்த்தினாள். காலையிலிருந்து அந்த அம்மாவின் முன்னால் இருந்த, அவர் கையோடு கொண்டுவந்திருந்த அதே தாள். “எழுதுங்க. எடுத்தது நான். இவங்க எடுக்கலை. மன்னிச்சுக்குங்க. அதே போர்டுல, அதே அளவு எழுத்துல. அப்புறம் பேக்கிங் ஹால்ல அந்த முப்பது பேர் முன்னால நின்னு நீங்களே படிக்கணும். இல்லைன்னா வெளியூர்க்காரங்களுக்கு நான் ஒரு ரிப்போர்ட் அனுப்புவேன். அது ஒரே பக்கத்துல அடங்காது.”

எம்.டி.யின் கை பழக்கதோஷத்தில் ரேடியோ பக்கம் நீண்டது.

“இல்லைங்க,” என்றான் ரேடியோ. “காலைலேர்ந்து ரெண்டு தடவை கேட்டுட்டீங்க. உங்க பேனாவை எடுங்க. டிராயர்லதானே இருக்கு?”

எம்.டி. டிராயரைப் பார்த்தார். டிராயர் அசையவில்லை. “சாவி... சாவி வீட்டுல இருக்கு.”

“பூட்டும் அதுக்குள்ளதான் இருக்கு, இல்லையா?” என்றாள் தீக்குச்சி. “ஏன் சார் எடுத்தீங்க? நாளன்னிக்கு விழா. உங்க பூட்டு, உங்க விழா. எதுக்கு ஒளிச்சீங்க?”

நாற்பது லட்சம் வாசல்களைக் காப்பவர் தன் கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இருபத்திரண்டு வருஷம் பெட்டிகளைக் கையாண்டவரின் நிதானத்தோடு மேசையைச் சுற்றி நடந்து வந்தார்.

“கொஞ்சம் நகருங்க சார்.”

குனிந்தார். கைக்குள்ளிருந்த கொண்டை ஊசிகளில் ஒன்றை டிராயர் பூட்டுக்குள் விட்டு ஒரு திருகு. டிராயர் வந்தது. உள்ளே தங்கநிறப் பேனா ஒன்றும், அதன் பக்கத்தில் வெல்வெட் துணியில் அரைக்கிலோ வஜ்ரகவசமும் இருந்தன. அந்த அம்மா பூட்டை எடுத்தார். கையில் வைத்து எடை பார்த்தார். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ புரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டு, அதே ஊசியை அதற்குள்ளும் விட்டார்.

ஐநூறு வருஷத்துக்குத் திறக்க முடியாத வஜ்ரகவசம் நாலு விநாடியில் வாயைத் திறந்தது.

“இதுக்கா சார் என் கொண்டையை அவிழ்த்தீங்க?” என்றார் அந்த அம்மா.

எம்.டி. தங்கநிறப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்த அம்மா பூட்டை மேசைமேல் வைத்துவிட்டு, முடியை அள்ளிச் சுருட்டி, நாலு ஊசிகளையும் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டார்.

மனிதவளம் மெல்லக் கேட்டார்: “நம்ம மத்த மாடலும்... இப்படித் திறக்குமாம்மா?”

“எல்லாமே இப்படித்தான் தம்பி. பேக்கிங்ல சாவி மாறிப்போனா வேற எப்படித் திறக்கறதாம்?”

ரேடியோவின் வீட்டு வாசலில் தொங்கியதும் அந்தக் கம்பெனிப் பூட்டுதான்.